மேலண்ணத்தில் ஒரு மேடு: தாடையில் எலும்பு வளர்க்கும் கட்டிகள்



ஒரு சிறு சோதனையோடு இந்த வாரப் பாடத்தைத் தொடங்குவோம். நாக்கின் நுனியால் உங்கள் மேலண்ணத்தின் நடுக்கோட்டை முன்னிருந்து பின்னாகத் தடவிப் பாருங்கள். பிறகு கீழ்ப்பற்களின் உட்புறத்தில், நாக்கை ஒட்டிய பக்கத்தில் தடவுங்கள். பெரும்பாலோருக்கு வழவழப்பாக இருக்கும். சிலருக்கு அங்கே கல் போன்ற ஒரு மேடு தட்டுப்படும். வலி இருக்காது. அழுத்தினாலும் அசையாது.

அப்படி ஒன்று தட்டுப்பட்டால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? “கட்டி” என்ற சொல் மனத்தில் வந்ததுமே “புற்றுநோய்” என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் மறைப்பவர்கள் உண்டு. “வலிக்கவில்லையே, விடு” என்று ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் இருப்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. ஏன் தவறு என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பால்மரத்தின் முண்டு

பேராவில் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் வட்டாரங்களில் பல ரப்பர் தோட்டங்கள் இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனாலும் சாலையோரங்களில் பழைய பால்மரங்கள் சில நிற்கின்றன. அவற்றின் அடிமரத்தை உற்றுப் பாருங்கள். சில மரங்களில் பட்டை சீராக வளர்ந்திருக்கும். சிலவற்றில் முண்டும் முடிச்சுமாக இருக்கும்.

தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டியிடம் கேட்டால் காரணம் சொல்வார்கள். பால்மரம் சீவும்போது பட்டையை மட்டும் மெல்லிதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள கேம்பியம் என்ற வளர்படலம் காயப்படும். புதிய பட்டையை உண்டாக்குவது அந்தப் படலம்தான். காயப்பட்ட இடத்தில் அது ஒழுங்கில்லாமல் வளர்ந்து முண்டாகிவிடும். முண்டு விழுந்த மரம் பட்டுப்போவதில்லை. அடுத்த முறை அங்கே சீவுவதுதான் கடினமாகும்.

நம் எலும்புகளுக்கும் இப்படி ஒரு படலம் உண்டு. எலும்பின் மேல் தோல் போலப் போர்த்தியிருக்கும் அதற்கு எலும்புறை என்று பெயர். எலும்பு தடிமனாவதற்கும் முறிந்த எலும்பு கூடுவதற்கும் தேவையான உயிரணுக்கள் அதன் உட்புறத்தில் இருக்கின்றன. அங்கே வளர்ச்சி ஓரிடத்தில் மட்டும் கூடிவிட்டால் எலும்பிலும் முண்டு தோன்றும். இந்த ஒப்புமை இந்த அளவுக்குத்தான் பொருந்தும். மரத்தின் முண்டுக்குக் காரணம் காயம். எலும்பு முண்டுகளுக்குக் காயம்தான் காரணம் என்று சொல்ல முடியாது.

கட்டுபவரும் இடிப்பவரும்

எலும்பு ஓர் உயிருள்ள திசு. அதில் இரண்டு வகை உயிரணுக்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் எனப்படும் எலும்பாக்க உயிரணுக்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் எலும்பழிப்பு உயிரணுக்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன. வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது.

எலும்பாக்க உயிரணுக்கள் முதலில் கொலாஜன் என்ற புரத இழைகளாலான மென்மையான ஒரு பொருளைச் சுரக்கின்றன. அதன் பெயர் ஆஸ்டியாய்டு. கட்டடம் கட்டுபவர்கள் முதலில் இரும்புக் கம்பிகளைக் கட்டி வைப்பது போன்றது இது. பிறகு கல்சியமும் பாஸ்பேட்டும் அதில் படிந்து இறுகுகின்றன. ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் குன்றுகளிலும் கல்சியம்தான் உள்ளது. ஆனால் அது கல்சியம் கார்பனேட். எலும்பில் இருப்பது கல்சியம் பாஸ்பேட் வகையைச் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட். கல்சியம் எக்ஸ்ரே கதிர்களை நன்றாகத் தடுப்பதால்தான் எக்ஸ்ரே படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது.

கட்டும் வேலை ஓரிடத்தில் மட்டும் அளவுக்கு மீறி நடந்தால் அங்கே எலும்பு குவியும். இப்படிக் குவிந்தாலும், பக்கத்துத் திசுக்களை அரித்து ஊடுருவாமலும் உடலின் வேறு உறுப்புகளுக்குப் பரவாமலும் இருப்பவற்றைத் தீங்கற்ற கட்டிகள் என்கிறோம். ஊடுருவிப் பரவக்கூடியது புற்றுக்கட்டி. எலும்பை உண்டாக்கும் புற்றுக்கட்டியும் உண்டு. அதன் பெயர் ஆஸ்டியோசார்கோமா. இரண்டும் எலும்பைத்தான் உண்டாக்குகின்றன என்றால், எது எது என்று எப்படிப் பிரித்தறிவது? மருத்துவர்கள் மூன்று சாட்சிகளை விசாரிக்கிறார்கள்: இடம், படம், காலம். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு தொடர்ந்து படியுங்கள்.

முதல் சாட்சி: இடம்

மேலண்ணத்தின் நடுக்கோட்டில் உள்ள எலும்பு மேட்டுக்கு டோரஸ் பலாட்டினஸ் என்று பெயர். லத்தீன் மொழியில் டோரஸ் என்றால் புடைப்பு என்று பொருள். கீழ்த்தாடையின் உட்புறத்தில், முன்கடைவாய்ப் பற்களின் அருகே வருவது டோரஸ் மண்டிபுலாரிஸ். இது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஜோடியாக இருக்கும். ஆசிய மக்களிடம் டோரஸ் பரவலாகக் காணப்படுகிறது. மேலண்ணத்தில் வருவது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம்.

டோரஸைக் கட்டி என்று சொல்வதே சரியில்லை. அது இயல்பான எலும்பின் மிகை வளர்ச்சி. மரபு இதற்கு ஒரு காரணம். கடிக்கும்போதும் மெல்லும்போதும் தாடை எலும்பில் விழும் விசை இன்னொரு காரணமாகக் கருதப்படுகிறது. விசை விழும் இடத்தில் எலும்பு தன்னை வலுப்படுத்திக்கொள்ளும் என்ற கருத்தை ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் விளக்கினார்.

டோரஸ் புற்றாக மாறுவதில்லை. ஆனால் தொல்லை தரலாம். அதன் மேலுள்ள சவ்வு மிக மெல்லியது என்பதால், சூடான தேநீரோ கடினமான முறுக்கோ பட்டால் எளிதில் புண்ணாகும். முதியவர்களுக்குப் பொய்ப்பல் கட்டும்போதும் சிக்கல் வரும். மேட்டின் மேல் பொய்ப்பல் தட்டு சரியாக உட்காராது. “பொய்ப்பல் உறுத்துகிறது” என்று கழற்றி வைத்துவிட்டுக் கஞ்சியோடு நாளைக் கழிக்கும் பாட்டி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவருடைய மேலண்ணத்தைப் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். தட்டின் வடிவத்தை மாற்றியோ, தேவையானால் மேட்டைச் சிறிய அறுவைச் சிகிச்சையால் சீவியோ சரிசெய்ய முடியும்.

இனி உண்மையான எலும்புக் கட்டியைப் பார்ப்போம். ஆஸ்டியோமா என்பது முதிர்ந்த, கெட்டியான எலும்பாலான கட்டி. இது பெரும்பாலும் மண்டையோட்டிலும் முக எலும்புகளிலும்தான் வரும். நெற்றியின் உள்ளே இருக்கும் சைனஸ் அறை இதற்கு மிகவும் பிடித்த இடம். தாடையில் வந்தால் கீழ்த்தாடையில்தான் அதிகம். யானைத் தந்தம் போல அடர்த்தியாக இருக்கும் ஒரு வகையும், உள்ளே பஞ்சு போலத் துளைகள் கொண்ட இன்னொரு வகையும் உண்டு.

ஆஸ்டியோமா மிக மெதுவாக வளரும். வேறு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரிந்த பின்னரே பலருக்கு அது இருப்பது தெரியவரும். சைனஸின் வாசலை அடைத்தால் தலைவலியும் சளித் தேக்கமும் வரலாம். தாடை மூட்டருகே வளர்ந்தால் முகவாய் ஒரு பக்கமாகச் சாயலாம், கடி மாறலாம். தொல்லை தந்தால் அகற்றுவார்கள். தராவிட்டால் அவ்வப்போது படம் எடுத்துக் கவனித்து வருவார்கள்.

இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. டோரஸிலிருந்து ஒரு துண்டையும் ஆஸ்டியோமாவிலிருந்து ஒரு துண்டையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியலாம். எலும்பு எங்கே வளர்ந்தது என்பதுதான் பெயரை முடிவு செய்கிறது. அதனால்தான் இடம் முதல் சாட்சியாகிறது.

இரண்டாம் சாட்சி: படம்

முகத்தில் எலும்பு பெருகும் வேறு இரண்டு நிலைகளைப் பாருங்கள். ஒன்று ஆஸிஃபையிங் ஃபைப்ரோமா என்ற எலும்பாகும் நார்க்கட்டி. இதில் நார்த்திசுவுக்குள் எலும்புத் துணுக்குகள் உருவாகும். மற்றொன்று ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா. இதில் இயல்பான எலும்பின் இடத்தை நார்த்திசுவும் முதிராத எலும்பும் பிடித்துக்கொள்ளும். நுண்ணோக்கியில் இவை இரண்டையும் பிரித்தறிவது கடினம். எக்ஸ்ரே படத்தில் வேறுபாடு தெரியும். நார்க்கட்டிக்குத் தெளிவான எல்லைக்கோடு இருக்கும். ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவோ, சொரசொரப்பான மங்கிய கண்ணாடியைப் போலச் சுற்றியுள்ள எலும்போடு கலந்து நிற்கும்.

இந்த வேறுபாடு நோயாளிக்கு மிக முக்கியம். எல்லை தெளிவாக இருக்கும் நார்க்கட்டியை அகற்ற வேண்டும். அதன் இளம்பருவ வகை வேகமாக வளரக்கூடியது என்பதால் தள்ளிப்போடக் கூடாது. ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா பொதுவாகச் சிறுவயதில் தொடங்கி, உடல் வளர்ச்சி நின்றதும் வேகம் குறையும். ஆகவே பார்வை நரம்பு போன்றவற்றுக்கு ஆபத்து இல்லையென்றால், வளர்ச்சி முடியும்வரை காத்திருந்து பிறகு முகத்தைச் சீரமைப்பது வழக்கம். ஒரு நோய்க்கு உடனே அறுவை, மற்றதற்குப் பெரும்பாலும் பொறுமை. தவறாகப் பெயரிட்டால் சிகிச்சையும் தவறிவிடும்.

ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவுக்குக் காரணம் ஜி.என்.ஏ.எஸ். என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம். இது பெற்றோரிடமிருந்து வருவதில்லை. கருவளர்ச்சியின்போது ஏதோ ஓர் உயிரணுவில் தற்செயலாக நேர்கிறது. அந்த உயிரணுவின் வழிவந்த உயிரணுக்களில் மட்டுமே அந்த மாற்றம் இருக்கும். ஆகவே முகம் ஒரு பக்கம் புடைத்திருக்கும் ஒரு மாணவரைப் பார்த்தால், கிரகணத்தையோ தாயின் உணவையோ காரணம் சொல்லாதீர்கள். அது யாருடைய குற்றமும் இல்லை. தொற்றும் இல்லை.

மூன்றாம் சாட்சி: காலம்

எவ்வளவு காலமாக இருக்கிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறது, எப்போது வலிக்கிறது என்பவை காலம் சொல்லும் சாட்சி. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற சிறிய கட்டியை அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஜாஃபே 1935இல் விளக்கினார். பொதுவாக 2 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்கும் இது, தாடையில் அரிது. கால் எலும்புகளில் அதிகம். இதன் வலி இரவில் கூடும். கட்டியில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளே வலிக்குக் காரணம். ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் அந்தச் சுரப்பைத் தடுப்பதால் வலி குறையும். இது நோயை அறிய உதவும் குறிப்பு மட்டுமே. மருத்துவர் சொல்லாமல் பிள்ளைகள் ஆஸ்பிரின் சாப்பிடக் கூடாது.

பல்லின் வேரோடு ஒட்டி வளரும் சிமெண்டோபிளாஸ்டோமா என்ற கட்டியும் உண்டு. இது பெரும்பாலும் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில், இளையோருக்கு வரும். வலியும் வீக்கமும் இருக்கும். பல் சொத்தை என்று நினைத்து வலி மாத்திரையிலேயே காலத்தை ஓட்டினால் கட்டி வளர்ந்துகொண்டே போகும்.

காலத்தைப் பற்றிப் பேசும்போது சற்றுப் பின்னோக்கியும் போவோம். பேராவின் லெங்கோங் பள்ளத்தாக்கில், குனோங் ருந்தோ குகையில் கண்டெடுக்கப்பட்ட பேராக் மனிதனைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 10,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்த எலும்புக்கூட்டை ஆராய்ந்தவர்கள், அவருடைய இடக்கை விரல் எலும்புகள் பிறவியிலேயே குறுகியிருந்ததைக் கண்டறிந்தார்கள். அது கட்டியல்ல, வளர்ச்சிக் குறைபாடு. ஆனால் எலும்பில் பதிந்த செய்தி எவ்வளவு காலம் அழியாமல் இருக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உள்ள சான்று அது. குரோஷியாவின் கிராபினா என்ற இடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 120,000 ஆண்டுகளுக்கு முந்தைய நியாண்டர்தால் மனிதரின் விலா எலும்பு ஒன்றில் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவின் அடையாளம் இருப்பதாக 2013இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். தென்னாப்பிரிக்காவின் மலாபாவில் கிடைத்த, ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டு பழமையான சிறுவன் ஒருவனின் முதுகெலும்பில் தீங்கற்ற எலும்புக் கட்டி இருந்ததாக 2016இல் தெரியவந்தது. இத்தகைய கட்டிகள் கைப்பேசியாலோ இன்றைய உணவாலோ புதிதாக வந்தவை அல்ல என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

தாடை சொல்லும் எச்சரிக்கை

“தீங்கற்றது என்றால் மருத்துவரிடம் ஏன் காட்ட வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை கார்ட்னர் நோய்க்குறி.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மரபியலாளர் எல்டன் கார்ட்னர், பெருங்குடல் புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்தார். 1950களின் தொடக்கத்தில் அவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் வெளியிட்ட கட்டுரைகளில் ஒரு புதிய தொடர்பு தெரிந்தது. அந்தக் குடும்பத்தில் குடலில் கட்டி வந்தவர்களுக்கே மண்டையோட்டிலும் தாடையிலும் ஆஸ்டியோமாக்கள் இருந்தன. தோலுக்கடியிலும் கட்டிகள் இருந்தன.

இதற்குக் காரணமான ஏ.பி.சி. என்ற மரபணு 5ஆம் குரோமோசோமில் இருப்பது 1991இல் அடையாளம் காணப்பட்டது. உயிரணுக்கள் அளவோடு பெருகும்படி தடுத்து வைக்கும் மரபணு அது. அது பழுதானால் பெருங்குடலின் உட்சுவரில் நூற்றுக்கணக்கில் சிறு கட்டிகள் முளைக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் அவற்றில் ஒன்றாவது புற்றாக மாறுவது ஏறத்தாழ உறுதி. பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பழுது இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. மெண்டலின் விதியில் படித்த ஓங்கு பண்புதான் இது.

குடலில் கட்டிகள் தொல்லை தரத் தொடங்கும் முன்பே தாடையில் ஆஸ்டியோமாக்கள் தோன்றிவிடக்கூடும். கூடுதல் பற்கள் இருக்கலாம், முளைக்க வேண்டிய பற்கள் முளைக்காமல் உள்ளேயே கிடக்கலாம். ஆகவே ஓர் இளைஞரின் தாடை எக்ஸ்ரேயில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆஸ்டியோமாக்களைப் பார்க்கும் பல் மருத்துவர், “குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காப்பாற்றும். இந்த நோய் அரிதானது. ஒரேயொரு ஆஸ்டியோமா இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இது இருக்காது. ஆனால் எலும்பு மேடு தானாகத் தீங்கு செய்யாவிட்டாலும், வேறொன்றைக் காட்டிக்கொடுக்கும் என்பதை மறக்காதீர்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது

நம் சமூகத்தில் வாயைப் பொறுத்தவரை அஞ்ச வேண்டியது கெட்டியான மேட்டை அல்ல, ஆறாத புண்ணை. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களிடமே விகித அளவில் அதிகம், அதிலும் பெண்களிடம் கூடுதல். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வாய்நோய்களை ஆராய்ந்த டாக்டர் கே. இராமநாதன் 1970களிலேயே இந்த இன வேறுபாட்டை எழுதிக் காட்டினார். தோட்ட வாழ்க்கையோடு ஒட்டி வந்த வெற்றிலை பாக்குப் பழக்கம் முக்கியக் காரணம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துள்ளது.

எலும்புக் கட்டி உள்ளிருந்து வளரும். அதன் மேல் சவ்வு வழக்கமான நிறத்தில், வழவழப்பாக இருக்கும். வாய்ப்புற்று பெரும்பாலும் சவ்விலேயே தொடங்கும். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டாக, ஆறாத புண்ணாகத் தெரியும். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதைவிட, அவர் வாயை ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

கீழ்க்காணும் அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்:

• இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் அல்லது திட்டு
• சில வாரங்களிலேயே பெரிதாகும் வீக்கம்
• காரணமில்லாமல் ஆடும் பல்
• கீழுதட்டில் அல்லது முகவாயில் மரத்துப்போன உணர்வு
• முகம் ஒரு பக்கம் புடைப்பது, கடி மாறுவது
• இரவில் எழுப்பிவிடும் தாடை வலி

பள்ளிக்கு வரும் பல் சிகிச்சைக் குழுவினரிடமே முதலில் காட்டலாம். அரசாங்கப் பல் கிளினிக்கில் பரிசோதித்து, தேவையானால் தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே எடுப்பார்கள். மேலும் ஆராய வேண்டியிருந்தால் மருத்துவமனையின் வாய், முக அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார்கள். சந்தேகம் இருக்கும்போது ஒரு சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் சோதிப்பார்கள். துண்டு எடுத்தால் கட்டி பரவிவிடும் என்று பயந்து சோதனையைத் தவிர்க்க வேண்டாம். தாமதம்தான் ஆபத்து.

இனி மறுபடியும் நாக்கின் நுனியால் மேலண்ணத்தைத் தடவிப் பாருங்கள். மேடு இருந்தால் பதற வேண்டாம். மறைக்கவும் வேண்டாம். எங்கே இருக்கிறது, எவ்வளவு நாளாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இடத்தையும் காலத்தையும் நீங்கள் சொன்னால், படத்தை மருத்துவர் எடுத்துக்கொள்வார்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. டோரஸும் ஆஸ்டியோமாவும் நுண்ணோக்கியில் ஒன்று போலத் தெரியலாம். பிறகு எப்படி வேறுபடுத்துகிறார்கள்?
2. எலும்பாகும் நார்க்கட்டியையும் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவையும் பிரித்தறிவது சிகிச்சைக்கு ஏன் முக்கியம்?
3. ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவும் கார்ட்னர் நோய்க்குறியும் மரபணு மாற்றத்தால் வருபவை. ஆனால் ஒன்று மட்டுமே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. ஏன்?
4. உங்கள் வட்டாரத்தில் பழைய பால்மரம் இருந்தால், அதன் அடிமரத்தை வரைந்து, எந்த உயரத்தில் முண்டுகள் உள்ளன என்று குறியுங்கள். சீவிய உயரத்துக்கும் முண்டுகளுக்கும் தொடர்பு தெரிகிறதா?